லவ்வா அரேஞ்ச்டா? வெளிநாட்டு சீக்கிய வீடுகள்ல கல்யாணம் எப்படி முடிவாகுது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்ல ஒரு சின்ன முன்கதை சொல்லிடறேன். 2013ல இருந்து நாங்க கனடால வான்கூவர் பக்கத்துல சர்ரேங்கற ஊர்ல, ஒரு பஞ்சாபி குடும்பத்தோட வீட்டு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கோம். மேல ஆன்ட்டிஜி, அங்கிள்ஜி, அங்கிளோட அம்மா (எல்லாரும் பீஜின்னு தான் கூப்பிடுவாங்க, நாங்களும் அப்படியே), மூணு பசங்க. நடுவுல இருக்கற பலகை ரொம்ப மெலிசு, மேல யாராவது ரிஷ்தா பேச ஆரம்பிச்சா கீழ எங்க வீட்டு டிவி சத்தத்தை நான் தானா குறைச்சிடுவேன். ரிஷ்தான்னா சம்பந்தம், வரன், எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தை தான். மூத்த பையன் கல்யாணம், நடுப்பொண்ணு கல்யாணம், கடைசிப் பொண்ணு நின்னுபோன கதைன்னு மூணையும் கூடவே இருந்து பாத்தாச்சு. ஊர்ல இருந்து எங்க அக்கா, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, இங்க புதுசா படிக்க வந்த தமிழ் பசங்க எல்லாரும் ஒரே கேள்விகளைத் தான் சுத்தி சுத்தி கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நான் சீக்கியர் இல்ல, பாத்ததும் கேட்டதும் படிச்சதும் தான்.

சீக்கியர்னாலே அரேஞ்ச்டு மேரேஜ் தானே? அவங்க மதமே அப்படித்தான சொல்லுது?

இல்லங்க. நானும் அப்படித் தான் நெனச்சிட்டு இருந்தேன். அவங்களுக்கு நடைமுறை விதின்னு ஒண்ணு இருக்கு, சீக் ரஹத் மரியாதான்னு பேரு, அமிர்தசரஸ்ல குருத்வாராக்களை, அதாவது சீக்கியக் கோயில்களை, நிர்வாகம் பண்ற எஸ்ஜிபிசிங்கற அமைப்பு 1945ல ஏத்துக்கிட்டது. அதுல கல்யாணத்தைப் பத்தி என்ன இருக்குன்னா, ஜாதி உட்ஜாதி பாக்கக் கூடாது, சின்ன வயசுல கட்டி வைக்கக் கூடாது, நல்ல நாள் கெட்ட நாள் பாக்கக் கூடாது, பணம் வாங்கிட்டு சம்பந்தம் பேசக் கூடாது, சீக்கியர் சீக்கியரைத் தான் கட்டணும். விதவைக் கல்யாணம் பண்ணலாம்னும் இருக்கு. பொண்ணும் பையனும் அவங்களா பாத்துக்கணுமா, பெத்தவங்க பாக்கணுமாங்கறது அதுல பெரிய விஷயமாவே இல்ல.

சடங்குக்குப் பேரு ஆனந்த் காரஜ். அவங்க புனித நூலான குரு கிரந்த் சாஹிப் முன்னாடி, நாலாவது குரு ராம்தாஸ் எழுதின நாலு லாவான் பாட்டுக்கு நாலு சுத்து. பையன் முன்னாடி, பொண்ணு பின்னாடி, பையனோட பல்லா துணி நுனியை பொண்ணோட அப்பா அவ கையில எடுத்துக் குடுப்பாரு, எல்லா கல்யாணத்துலயும் அந்த நிமிஷத்துல தான் அப்பாக்கள் அழுவாங்க. அந்த நாலு பாட்டும் மனுஷ மனசு கடவுளோட சேர்ற நாலு படியைப் பத்தி. நீ இவனை எங்க பாத்த, யாரு அறிமுகப்படுத்தினாங்கன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. அதெல்லாம் அதுக்கு முன்னாடியே வீட்டு கிச்சன்ல கேட்டு முடிச்சிருப்பாங்க.

அந்தக் காலத்துல வெளிநாடு போனவங்களாவது ஊர்ல பாத்து வச்ச பொண்ணைத் தான கட்டினாங்க?

இதுல தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். 1900களோட ஆரம்பத்துல கலிஃபோர்னியா போன பஞ்சாபி ஆம்பளைங்க பெரும்பாலும் விவசாயக் கூலியா போனவங்க, அதுல சீக்கியர் தான் ஜாஸ்தி. 1917ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு ஆசியாக்காரங்க வர்றதையே அடைச்சிடுச்சு, அதனால ஊர்ல இருந்து பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரவும் முடியாது, ஊருக்குப் போனா திரும்ப உள்ள விடுவாங்களான்னும் தெரியாது. வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டலாம்னா இனம் மாறி கட்டக் கூடாதுன்னு அந்த மாநிலத்துல சட்டம். அப்ப என்ன பண்ணாங்க? அதே பருத்தி வயல்ல வேலை பாத்த மெக்சிகோ பொண்ணுங்களைக் கட்டினாங்க. இம்பீரியல் வேலி பக்கம் ஆரம்பிச்சு யூபா சிட்டி வரைக்கும் முன்னூறுக்கு மேல இந்த மாதிரி குடும்பங்க. அப்பா சிங், அம்மா கத்தோலிக்கம், பசங்க பேரு ஸ்பானிஷ்ல முதல் பாதி, சிங் இல்லைன்னா கான்னு மறுபாதி. விச்சோலா (நடுவுல நின்னு சம்பந்தம் பேசுறவங்க) கிடையாது, கோத்ரம் கிடையாது, ஜாதி கிடையாது. பெரும்பாலும் அந்தப் பொண்ணோட அக்காவோ தங்கச்சியோ இன்னொரு பஞ்சாபியைக் கட்டியிருப்பா, அப்படியே சங்கிலி மாதிரி போயிருக்கு.

அமெரிக்க காங்கிரஸுக்கு 1956ல ஜெயிச்ச முதல் ஆசிய வம்சாவளிக்காரர் தலீப் சிங் சவுந்த் பஞ்சாப்ல பொறந்த சீக்கியர், அவர் 1928ல கட்டினது மேரியன் கோசாங்கற வெள்ளைக்காரப் பொண்ணை. குடியுரிமை கேஸ்ல 1923ல சுப்ரீம் கோர்ட்ல தோத்தாரே பகத் சிங் திந்த், அவரும் 1940ல அங்கயே ஒரு அமெரிக்கப் பொண்ணைத் தான் கட்டினாரு. 1946ல சட்டம் கொஞ்சம் தளர்ந்துச்சு, 1965க்கு அப்புறம் நல்லாவே திறந்துச்சு, ஊர்ல இருந்து குடும்பம் குடும்பமா வந்தாங்க, வந்தவங்க இந்தப் பழைய கலப்புக் குடும்பங்களைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. "எங்க பரம்பரையிலயே கிடையாது"ன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே அந்த வயல் தான் ஞாபகம் வரும்.

இப்ப அரேஞ்ச்டுன்னா என்ன தான் நடக்குது? போட்டோ பாத்துட்டு நேரா மேடையா?

மேல இருக்கற பீஜிக்கு அப்படித்தான் நடந்துச்சு, போட்டோ கூட இல்லையாம், அவங்க மாமனார் வந்து அவங்க அண்ணனைப் பாத்துட்டு சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். "அண்ணன் ஒசரமா இருந்தாரு, அதனால நானும் ஒசரம்னு நெனச்சிட்டாங்க"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க, அவங்க அஞ்சடி கூட இருக்க மாட்டாங்க.

இப்ப அப்படி இல்ல. மூத்தவனுக்கு 2014ல பாத்தப்ப நடந்தது இது. ஆன்ட்டியோட மாஸி, அதாவது பெரியம்மா, அவங்க தான் விச்சோலா, நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பேசுறவங்க. பாயோடேட்டா வாட்ஸ்அப்ல வரும்: உயரம், படிப்பு, பிண்ட் எது (பிண்ட்னா சொந்தக் கிராமம், மூணு தலைமுறைக்கு முன்னாடி விட்டு வந்திருந்தாலும் கேப்பாங்க), கோத்ரம், பிஆரா (நிரந்தரமா தங்கற அனுமதி) சிட்டிசனா, தலைப்பாகை கட்டுறவனா முடி வெட்டினவனா, அமிர்தம் எடுத்தவனா (தீட்சை வாங்கற மாதிரி), கறி சாப்பிடுவானா. அமிர்தம் எடுத்தவங்க பெரும்பாலும் அமிர்தம் எடுத்த ஜோடியைத் தான் தேடுவாங்க, அது தனி ட்ராக். அப்புறம் பையனும் பொண்ணும் டிம் ஹார்டன்ஸ் காபிக் கடைல உக்காந்து பேசுவாங்க. ரெண்டு தடவை பேசலாம், மூணாவது தடவை பேசினா "என்ன முடிவு"ன்னு மாஸி ஃபோன் பண்ணிடுவாங்க. சரின்னா ரோக்கா, நம்ம ஊர்ல தட்டு மாத்துற மாதிரி, அதோட மத்த வரன் பாக்குறது நிக்கும். அப்புறம் கல்யாண வாரத்துல மையான், ஜாகோ, சூடா, மில்னின்னு சடங்கு வரிசை கட்டும், நான் இன்னும் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணல.

மூத்தவன் பதினோரு பொண்ணைப் பாத்தான். கடைசியில ஜலந்தர் பக்கம் ஒரு கிராமத்துப் பொண்ணு. அவனுக்குப் பிடிச்சிருந்துச்சா? பிடிச்சிருந்துச்சு. களைச்சும் போயிருந்தான். ரெண்டும் உண்மை தான்.

கோத்ரம் பாப்பாங்கன்னா நம்ம ஊரு மாதிரியா?

நம்மளை விட கறார். அப்பா கோத்ரம், அம்மா கோத்ரம், பழைய வீடுகள்ல ரெண்டு பாட்டிகளோட கோத்ரமும் சேத்து நாலையும் தவிர்ப்பாங்க. ஒரே கிராமத்துலயும் கட்ட மாட்டாங்க, ஏன்னா ஒரே பிண்ட்ல பொறந்த எல்லாரும் அண்ணன் தங்கச்சி. ஒருநாள் சப்பாத்தி உருட்டிட்டு இருக்கும்போது பேச்சுவாக்குல எங்க அம்மா அப்பா மாமா பையன் அத்தை பொண்ணுன்னு சொல்லிட்டேன். ஆன்ட்டி உருட்டுக்கட்டையைக் கீழ வச்சிட்டாங்க. அவங்களுக்கும் அம்மாவோட தம்பி மாமா தான், அதே வார்த்தை, ஆனா மாமா பொண்ணு கூடப் பொறந்த தங்கச்சி. பீஜிக்கு காது சரியா கேக்காது, ஆன்ட்டி கத்தி மொழிபெயர்த்தாங்க, பீஜி ரெண்டு காதையும் தொட்டு வாஹேகுருன்னாங்க. ஒரு வாரம் என்னைப் பாவமா பாத்தாங்க.

ஜாதகம் பாப்பாங்களா?

விதிப்படி கூடாது. பெரும்பாலும் பாக்கறது இல்ல, இங்க தேதி முடிவு பண்றது பேங்க்வெட் ஹால் எப்ப காலியா இருக்குங்கறது தான்.

லவ் பண்ணா அப்படி என்ன பெரிய பிரச்சனை வருது?

லவ் பண்ணதால பிரச்சனை வர்றது குறைஞ்சிடுச்சு. யாரைங்கறதுல தான் எல்லாம் இருக்கு. பையன் சீக்கியன், அதே ஜாதி, வேற கோத்ரம், நல்ல வேலைன்னா, பொண்ணு ரெண்டு வருஷமா அவன் கூட சுத்திட்டு இருந்தாலும் வீட்ல விச்சோலாவை ஒருத்தரைப் பிடிச்சு நடுவுல நிறுத்தி, பாயோடேட்டா மாத்தி, புதுசா பாக்கற மாதிரியே எல்லாம் பண்ணி அரேஞ்ச்டு ஆக்கிடுவாங்க. நான் பாத்த பாதி அரேஞ்ச்டு கல்யாணம் இந்த வகை தான். சொந்தக்காரங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி லட்டு சாப்பிட்டுட்டுப் போவாங்க.

நடுப்பொண்ணு விஷயத்துல அது நடக்கல. அவங்க குடும்பம் ஜட், நிலம் வச்சிருந்த விவசாய ஜாதி, சித்து, கில், தில்லான், சந்துன்னு பேர் வந்தா பெரும்பாலும் அவங்க தான். அவ லவ் பண்ண பையன் ராம்கடியா, தச்சு வேலை கொல்லு வேலை பாத்த பரம்பரை, அவன் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ்காரன் ரயில்வே போட்டப்ப கென்யா போனவரு. படிச்ச குடும்பம், வீடு இவங்க வீட்டை விடப் பெருசு. ஆன்ட்டி என்கிட்ட வந்து "தர்கான்" அப்படின்னு, தச்சர்னு அர்த்தம், வியாதி பேர் சொல்ற மாதிரி குரலை இறக்கிச் சொன்னாங்க. சுத்தி யாருமே இல்ல, நாங்க ரெண்டு பேரும் வாஷிங் மெஷினும் தான் இருந்தோம்.

ஜாதியே கிடையாதுன்னு சொன்ன மதம் தானே அது?

ஆமா. லங்கர்ல, அதான் குருத்வாரால எல்லாருக்கும் போடற சாப்பாட்டுல, எல்லாரும் ஒரே வரிசையில தரையில உக்காந்து சாப்பிடறோம், நானும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கேன், யாரு பக்கத்துல யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. பந்தியில இல்லாத ஜாதி சம்பந்தத்துல வந்து உக்காந்துக்குது, இதை நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் விளக்கவா வேணும். இங்கிலாந்துல சவுத்தால், பர்மிங்காம் பக்கமெல்லாம் ராம்கடியா குருத்வாரான்னே தனியா இருக்கு. ரவிதாசியா மக்கள் தோல் தொழில் பாத்த ஒடுக்கப்பட்ட ஜாதி, அவங்களுக்கு தனி கோயில்கள், இங்க பர்னபியிலயும் ஒண்ணு இருக்கு. 2009ல வியன்னால அவங்க கோயில்ல நடந்த தாக்குதல்ல சந்த் ராமானந்த் செத்தாரு, அதுக்கு அப்புறம் அவங்கள்ல ஒரு பெரிய பகுதி தனிப் புனித நூலே வச்சுக்கிட்டாங்க. கல்யாண விளம்பரத்துல "ஜாதி தடையில்லை"ன்னு போட்டிருந்தா ரெண்டாம் கல்யாணமா இருக்கும்னு ஆன்ட்டி சொல்லுவாங்க, அது அவங்க அனுபவம்.

நடுப்பொண்ணு சண்டை போடல, அதான் விசேஷம். அவ ரஹத் மரியாதாவை பிரிண்ட் எடுத்து, ஜாதி பாக்கக் கூடாதுங்கற வரியை மஞ்சள் மார்க்கர்ல அடிச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டா. பால் எடுக்கப் போனாலும் அதைப் படிச்சிட்டுத் தான் எடுக்கணும். அங்கிள்ஜி குருத்வாரால ஞாயித்துக்கிழமை சேவை பண்றவரு, அவருக்கு பதில் இல்ல. ஆறு மாசம் அந்தப் பேப்பர் அங்க இருந்துச்சு, ஒருத்தரும் கிழிக்கல, கிழிச்சா பாவம்னு பயமான்னு தெரியல. ஆன்ட்டியோட பயம் வேற, மூத்தவனோட மாமனார் வீடு என்ன சொல்லும், பூஆ, அதான் அங்கிளோட அக்கா, என்ன சொல்லுவாங்க. "லோக் கீ கெஹண்கே", நாலு பேர் என்ன சொல்லுவாங்க. அதுக்கு மேல இஸ்ஸத், மானம், அது எப்பவும் பொண்ணு தலையில தான் வைப்பாங்க. அண்ணன் ஃபிலிப்பினோ பொண்ணு கூட மூணு வருஷம் சுத்தினப்ப அந்த இஸ்ஸத் எங்க போச்சுன்னு அவ ஒரு தடவை கேட்டா, கீழ எங்களுக்கே தெளிவா கேட்டுச்சு. 2018ல கல்யாணம் நடந்துச்சு. பூஆ வரல. மூணு வருஷம் கழிச்சு குழந்தை பொறந்தப்ப வந்தாங்க.

வேற மதத்துக்காரங்களைக் கட்டினா?

இங்க விதி நேரடியாவே குறுக்க வருது. சீக்கியர் இல்லாதவங்களுக்கு ஆனந்த் காரஜ் பண்ணி வைக்கக் கூடாதுன்னு ரஹத் மரியாதால இருக்கு. சில குருத்வாரா கமிட்டிங்க கண்டுக்காம பண்ணி வைப்பாங்க, சிலது கறாரா இருக்கும். இங்கிலாந்துல இது பெரிய சண்டையாவே ஆச்சு, 2016 செப்டம்பர்ல லெமிங்டன் ஸ்பா குருத்வாரால ஒரு கலப்பு மதக் கல்யாணத்தை எதிர்த்து ஆளுங்க உள்ள போய் உக்காந்துட்டாங்க, போலீஸ் வந்து 55 பேரை அரெஸ்ட் பண்ணுச்சு. எதிர்த்தவங்க சொன்னது, லாவான் குரு கிரந்த் சாஹிப்பைக் குருவா ஏத்துக்கறவங்க குடுக்கற வாக்கு, நம்பாதவரு எப்படிக் குடுப்பாரு, ரெஜிஸ்டர் பண்ணிட்டு வாங்க, குருத்வாரால வேண்டிக்கலாம் சாப்பிடலாம், சுத்து மட்டும் வேணாம்னு. இந்த வாதம் எனக்குப் புரியுது. ஆனா சண்டை போட்டு நிறுத்தின கல்யாணங்கள்ல நிறைய சீக்கியப் பொண்ணு, வேற மதத்துப் பையன்கறதை அங்க இருக்கற சீக்கியப் பொண்ணுங்களே எழுதியிருக்காங்க, அதையும் தள்ளிட முடியல.

ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும்?

கனடால 2005ல இருந்து சட்டப்படி செல்லும். அதே வருஷம் அகால் தக்த், அதாவது சீக்கியர்களோட உச்ச பீடம், குருத்வாரால பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. கிரந்தத்துல எதிரா ஒரு வரி கூட இல்லன்னு வாதாடற இளைஞர்களும் இருக்காங்க. வீட்ல இதைப் பத்தி பேசி நான் கேட்டதில்ல, அவ்ளோ மெலிசான பலகையிலயும்.

விசாவுக்காகத் தான் கல்யாணம் பண்றாங்கன்னு சொல்றாங்களே?

எல்லாரும் இல்ல, ஆனா விசா இல்லாம இந்தப் பேச்சே இல்ல. பழைய முறை: வெளிநாட்டு மாப்பிள்ளை லீவுல வருவாரு, மூணு வாரத்துல கல்யாணம், பேப்பர் அனுப்பறேன்னுட்டுப் போவாரு, சிலர் அனுப்பவே மாட்டாங்க. பஞ்சாப்ல இப்படி கைவிடப்பட்ட பொண்ணுங்க நிறைய, "ஹாலிடே வைஃப்"னு ஒரு கேவலமான பேரு வேற அவங்களுக்கு. மாநில அரசு 2012ல எல்லாக் கல்யாணத்தையும் கட்டாயம் பதிவு பண்ணணும்னு சட்டம் போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

புது முறை தலைகீழ். பொண்ணு ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைல 6.5 எடுத்திருப்பா, காசு இருக்காது. பையன் வீட்ல காசு இருக்கும், ஸ்கோர் வராது. கல்யாணம் பண்ணி, பையன் வீடு காலேஜ் ஃபீஸ் கட்டி, பொண்ணு ஸ்டூடன்ட் விசால போய், பையன் ஸ்பவுஸ் விசால பின்னாடியே போகணும். பேப்பர் விளம்பரத்துல பேண்டு ஸ்கோர் போட்டே கேப்பாங்க. வரதட்சணை திசை மாறினதுன்னு சிரிக்கலாம், ஆனா போனவ கூப்பிடலன்னா போலீஸ் கேஸ், கூப்பிட்டு வந்தவன் அடிச்சான்னா இவ யார்கிட்ட சொல்லுவா. 2024 மார்ச்ல கனடா மாஸ்டர்ஸ், டாக்டரேட், சில புரொஃபஷனல் கோர்ஸ் படிக்கறவங்களோட ஜோடிக்கு மட்டும் தான் அந்த வொர்க் பர்மிட்னு மாத்திடுச்சு, சாதா டிப்ளமா கணக்குல போட்ட ரிஷ்தா நிறைய அப்படியே தொங்கிடுச்சு.

அரசாங்கங்களும் சும்மா இல்ல. இங்கிலாந்துல "இந்தக் கல்யாணத்தோட முதன்மை நோக்கம் குடியேற்றம் இல்லைன்னு நீயே நிரூபி"ன்னு ஒரு விதி 1997 வரைக்கும் இருந்துச்சு, இல்லாத ஒண்ணை எப்படி நிரூபிக்கறது? 1979ல ஹீத்ரோ ஏர்போர்ட்ல, கல்யாணம் பண்ணிக்க வந்த ஒரு இந்திய டீச்சருக்கு கன்னித்தன்மை சோதனை பண்ணி அது வெளிய வந்து நாறிச்சு. அரேஞ்ச்டு மேரேஜ்னா பொண்ணு இப்படித்தான் இருப்பான்னு ஒரு கணக்கு அவங்க மண்டையில. இப்ப அங்க வாழ்க்கைத்துணையைக் கூட்டிட்டு வர வருஷத்துக்கு 29,000 பவுண்ட் சம்பளம் காட்டணும், 2024 ஏப்ரல் வரைக்கும் 18,600 தான் இருந்துச்சு. லவ்வோ அரேஞ்ச்டோ, சம்பளச் சீட்டு ஒண்ணு தான்.

குருத்வாரால நடந்தா சட்டப்படி செல்லுமா?

எங்க மாகாணத்துல முன்னாடியே 100 டாலர் கட்டி மேரேஜ் லைசன்ஸ் வாங்கணும், மூணு மாசம் செல்லும், பதிவு பெற்ற மதப் பிரதிநிதி பண்ணி வச்சு கையெழுத்து வாங்கினா சட்டப்படி கல்யாணம். சில வீட்ல முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டு விசாவுக்குப் போட்டுட்டு லாவான் அப்புறமா நடக்கும், அது வரைக்கும் சட்டத்துக்குப் புருஷன் பொண்டாட்டி, பீஜிக்கு இல்ல. இந்தியால 1909லயே ஆனந்த் மேரேஜ் ஆக்ட் வந்தாச்சு, பதிவு பண்ற வழி மட்டும் 2012ல தான் அதுல சேர்ந்துச்சு.

செலவு யாரோடது? வரதட்சணை உண்டா?

விதிப்படி இல்ல. நடைமுறையில "நாங்க எதுவும் கேக்கல"ம்பாங்க, அப்புறம் மில்னில, அதான் ரெண்டு வீட்டு சொந்தக்காரங்களும் சந்திச்சுக்கற சடங்குல, எத்தனை பேருக்கு மோதிரம், எத்தனை பேருக்குக் கம்பளின்னு லிஸ்ட் வரும். இங்க சர்ரேல நாலுல ஒருத்தருக்கு மேல சீக்கியர், அதனால 500 பேருக்குக் கம்மியா கூப்பிட்டா யாரை விட்டேன்னு வருஷக் கணக்கா கேப்பாங்க. மூத்தவன் கல்யாணக் கடனை அங்கிள் ட்ரக் ஓட்டி அடைச்சதை நான் பாத்தேன். பீச், ரிசார்ட்டுன்னு வெளிய வச்சு ஆனந்த் காரஜ் பண்ற ஃபேஷனை 2023ல தக்த் தலைவர்கள் தடுத்தாங்க, அங்கிள்ஜி அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தாரு, காரணம் பக்தி மட்டும் இல்லன்னு நெனைக்கறேன்.

கட்டாயக் கல்யாணம், கொலைன்னெல்லாம் செய்தி வருதே, அதெல்லாம் நிஜமா?

நிஜம், ஆனா அரேஞ்ச்டும் கட்டாயமும் ஒண்ணு இல்ல. இங்க பக்கத்துல மேப்பிள் ரிட்ஜ்ல வளந்த ஜஸ்ஸி சித்துங்கற பொண்ணு, பஞ்சாப் போனப்ப பழகின ஆட்டோ ஓட்டுற கபடி பையனை வீட்டுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டா. 2000 ஜூன்ல பஞ்சாப்ல அவளைக் கொன்னாங்க, அவன் அடிபட்டு தப்பிச்சான். ஆள் வச்சு பண்ண வேலைன்னு குற்றம் சாட்டி, அவளோட சொந்த அம்மாவையும் மாமாவையும் கனடா 2019 ஜனவரில இந்தியாவுக்கு அனுப்புச்சு. பத்தொம்போது வருஷம். இங்க இன்னும் அவ பேரைச் சொன்னா பெரியவங்க பேச்சை மாத்துவாங்க, பொண்ணுங்க மாத்த மாட்டாங்க.

இங்கிலாந்துல டெர்பில ஜஸ்விந்தர் சங்கேரா, சீக்கியக் குடும்பம், பாத்து வச்ச கல்யாணத்துக்கு ஒத்துக்காம 16 வயசுல வீட்டை விட்டு ஓடினவங்க, 1993ல கர்ம நிர்வாணான்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு இந்த மாதிரி மாட்டிக்கிட்ட பொண்ணுங்களுக்கு (பையன்களும் ஃபோன் பண்றாங்க) உதவி பண்ணாங்க. 2014ல அங்க கட்டாயக் கல்யாணம் கிரிமினல் குற்றம் ஆச்சு, 2015ல கனடாலயும்.

கட்டாயம்னா கட்டிப் போட்டு அடிக்கறது மட்டும் இல்ல. "பாட்டிக்கு சீரியஸ், ஊருக்கு வா"ன்னு டிக்கெட் போட்டு, போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கறது, "நீ மாட்டேன்னா அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வரும்"கறது, அம்மா சாப்பிடாம படுத்துக்கறது. கடைசி ரெண்டும் நம்ம வீடுகள்லயும் உண்டு, யாரும் போலீஸ்கிட்ட போக மாட்டாங்க. அதனால இப்ப யாராவது என்கிட்ட லவ்வா அரேஞ்ச்டான்னு கேட்டா, வேணாம்னு சொன்னா அந்த வீட்ல மறுநாள் காலைல டீ கிடைக்குமான்னு தான் திருப்பிக் கேப்பேன்.

சரி, எது நல்லா ஓடுது? லவ்வா அரேஞ்ச்டா?

ரெண்டு ஜோடியை வச்சுகிட்டு நான் என்ன சொல்ல. மூத்தவன் ஜோடி அரேஞ்ச்டு, ஆரம்பத்துல பாவம் அந்தப் பொண்ணு, புது நாடு, குளிரு, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எட்டு பேருக்கு ரொட்டி, கீழ வந்து என்கிட்ட அழுவா, நான் ஹிந்தி தெரியாம அவ இங்கிலீஷ் தெரியாம ரெண்டு பேரும் டீ குடிப்போம். இப்ப அவ நர்சிங் ஹோம்ல வேலை பாக்குறா, ரொட்டி அவன் சுடறான், வட்டமா வராது. நடுப்பொண்ணு லவ் பண்ணிக் கட்டினா, நல்லா தான் இருக்கா, ஆனா சண்டை வந்தா அம்மா வீட்டுக்கு வந்து சொல்ல முடியல, "நீயா தேடிக்கிட்டது தானே"ன்னு ஒரு வார்த்தை வரும்னு பயம். அரேஞ்ச்டுல விச்சோலா மாஸியையாவது திட்டலாம், லவ்ல திட்டறதுக்கு ஆள் கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் தான் எனக்குத் தெளிவா தெரியுது.

கடைசிப் பொண்ணு என்ன ஆனா?

அவ ஆப்ல பாத்தா. ஆப்லயே ஜாதி, உயரம், தலைப்பாகை எல்லாத்துக்கும் டிக் பாக்ஸ் இருக்கு, விச்சோலாவை ஃபோனுக்குள்ள போட்டு வச்ச மாதிரி. காலிஃபோர்னியாப் பையன், ஜட், இன்ஜினியர், எல்லா கட்டத்துலயும் டிக். 2023ல ரோக்கா ஆச்சு, 200 பெட்டி மித்தாய் போச்சு. அஞ்சு மாசம் கழிச்சு வேணாம்னுட்டா, கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விடணும்னு அவன் அம்மா சொன்னதுக்கு அவன் வாயே திறக்கலையாம். நான் கீழ டிவியை அணைச்சிட்டு உக்காந்திருந்தேன், இப்ப வெடிக்கும் அப்ப வெடிக்கும்னு. ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு ஆன்ட்டி பூஆவுக்கு ஃபோன் போட்டு "நாங்க தான் வேணாம்னு சொன்னோம்"னு சத்தமா சொன்னாங்க, அப்புறம் குக்கர் விசில் வந்துச்சு.

போன மாசம் ஆன்ட்டி ஒரு பாத்திரத்துல சர்சோன் கீரை எடுத்துகிட்டு கீழ வந்தாங்க. என் புருஷன் ஆபீஸ்ல ஒரு சர்தார் பையன் இருக்கானாமே, கொஞ்சம் விசாரிச்சு சொல்லேன் புத்தர்னு (பஞ்சாபில பிள்ளைன்னு அர்த்தம்) கேட்டாங்க. ஜாதி என்னன்னு கேக்கட்டுமான்னேன். கீரை ஆறிடும், சாப்பிடுன்னு சொல்லிட்டுப் படியேறிப் போயிட்டாங்க, பாதிப் படியில நின்னு, "கேக்காத, ஆனா தெரிஞ்சா சொல்லு"ன்னாங்க. இன்னும் விசாரிக்கல, பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கப் போகணுமேன்னு தான் யோசனையா இருக்கு.